தன்னார்வலர், கூலிப்படை, தன்னுறு அயற்படைஞர்

ஐயா, வணக்கம்.

நம் கட்டுரையில், வேறொரு நாட்டின் உள்நாட்டுப் போரில் தாமாகப் போய்ச் சேர்ந்து சண்டையிடுபவர்களுக்குத் தமிழ்ச்சொல்லாக நீங்கள் சொன்ன ‘அயல்நாட்டுத் தன்னார்வலர்’ ஒட்டவில்லை. நம் மதுரையில் தன்னார்வலர் என்றால் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் தண்ணீர் கொடுப்பவர், குருதிக்கொடைக்கு ஆள் சேர்ப்பவர். அந்தச் சொல்லில் துப்பாக்கி இல்லை. ‘தன்னார்வப் படை’ என்றாலும் தீராது. கட்டாய ஆள்சேர்ப்பு இல்லாத இந்தியத் தரைப்படையும் தன்னார்வப் படைதான்.

‘கூலிப்படை’ அதைவிடத் தவறு. செய்தித்தாளில் அது அரிவாள் வெட்டு வழக்குக்கான சொல். சட்டப்படியும் பொருந்தாது: போர் விதிகளைச் சொல்லும் ஜெனீவா உடன்படிக்கைகளின் முதல் கூடுதல் நெறிமுறை (1977), 47ஆம் பிரிவில் கூலிப்படையினருக்கு ஆறு அடையாளம் சொல்கிறது. ஆறும் ஒருங்கே பொருந்த வேண்டும். அதே தரத்து உள்ளூர் வீரரைவிட மிக அதிக ஊதியத்துக்கு வருவது ஒன்று. போரிடும் எந்தத் தரப்பின் படையிலும் உறுப்பினராக இல்லாதது இன்னொன்று. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் (1936–39) குடியரசின் பக்கம் போரிட்ட பன்னாட்டுப் படையணிகளுக்கு 50க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ 35,000 பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவரான நாகபுரிக்காரர் கோபால் முகுந்த் ஹுத்தார் ‘ஜான் ஸ்மித்’ என்ற பெயரில் போரிட்டார். கொள்கைக்காகப் போனவரை எப்படிக் கூலி என்பது?

உண்மையான கோடு, அரசு அனுப்பியதா, தானே வந்ததா என்பது. பெயரை நம்ப முடியாது. முசோலினி ஸ்பெயினுக்கு அனுப்பிய படைக்குப் பெயரே ‘தன்னார்வப் படைத்தொகுதி’. 1950இல் கொரியாவில் நுழைந்த சீனப் படையும் ‘மக்கள் தன்னார்வப் படை’தான். இரண்டும் அரசு ஏவியவை. நம் ஊரிலேயே 12ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வாரிசுப் போருக்கு இலங்கை மன்னன் பராக்கிரமபாகு தன் தளபதி இலங்காபுரனை அனுப்பினான். இலங்காபுரன் முதலானோரின் தலைகளை மதுரை வாசலில் ஆணியடித்துப் பதித்த செய்தி பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டில் இருக்கிறது. அவன் தானாக வந்தவன் அல்லன்.

போர்த்துறைகளுக்கு இலக்கணம் சொல்லும் புறப்பொருள் வெண்பாமாலை, பகைவரின் ஆநிரை கவரும் வெட்சியை ‘மன்னுறு தொழில்’, ‘தன்னுறு தொழில்’ என்று பிரிக்கிறது. வேந்தன் ஏவிப் போவது முன்னது, தானே துணிந்து போவது பின்னது. அதை எடுத்து ‘தன்னுறு அயற்படைஞர்’ என்பேன். அரசு அனுப்பியதற்கு ‘மன்னுறு அயற்படை’.

---

அம்மா, கோடு சரி, தன்னுறு எனக்கும் பிடிக்கிறது. ‘மன்னுறு’ மட்டும் வேண்டாம். முசோலினி மன்னன் அல்லன். திருக்குறள் படைமாட்சி அதிகார உரையில் பரிமேலழகர் எண்ணும் ஆறு படைகளில் ‘துணைப்படை’ இருக்கிறதே, அரசு அனுப்பியதற்கு அது போதும்.

அயல் + படைஞர், புணர்ச்சியில் ‘அயற்படைஞர்’ ஆகும். பாதிப் பேர் ‘அயல்படைஞர்’ என்றே தட்டுவார்கள், தேடலில் கட்டுரை சிக்காது. இரண்டு வடிவத்தையும் தலைச்சொல்லாகப் பதிந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழிகாட்டி வையுங்கள். ‘போராளி’யை உள்ளே விடாதீர்கள், அது பக்கம் சாய்ந்த சொல். ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2178ஆம் தீர்மானம் (2014) பேசும் ‘அயல்நாட்டுப் பயங்கரவாதப் படைஞர்’ தனிச் சட்டச்சொல், அதையும் இதோடு கலக்கக் கூடாது.

---

ஒப்புகிறேன் ஐயா, துணைப்படையே இருக்கட்டும். முதல் முறை வரும்போது பக்கத்திலேயே விளக்கிவிடலாம்: “1938 அக்டோபர் 28 அன்று பார்சிலோனா நகரம், தாமாக வந்து போரிட்ட தன்னுறு அயற்படைஞரை அணிவகுப்போடு வழியனுப்பியது.”