கக்கிக்கொண்டே வளர்ந்த பிள்ளை: உங்கள் வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள்?

காரைக்குடி மகள்:

என் மகனுக்கு ஒரு வயது முடிந்துவிட்டது. இட்லியை அவனே பிய்த்துத் தின்கிறான், ஒரு துளி வெளியே வருவதில்லை. அவன் மூன்று மாதப் பிள்ளையாக இருந்தபோது யாராவது இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அப்போதெல்லாம் குடித்த பாலில் பாதி என் தோளில், மீதி ஆத்தங்குடிக் கல் தரையில் என்றுதான் தோன்றும். இப்போது கக்கும் பிள்ளையோடு தவித்துக்கொண்டிருக்கும் அம்மாக்களுக்காக எழுதுகிறேன். நீங்களும் உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

பிறந்த மாதத்திலேயே ஆரம்பித்துவிட்டது. குடித்தவுடன் பாலாகவே கொஞ்சம் வரும். அரை மணி கழித்துத் திரிந்து கட்டியாக வரும். சில சமயம் மூக்கு வழியாகவும் வரும், அதைப் பார்த்தால் ஈரக்குலையே நடுங்கிவிடும். ஆனால் கக்கி முடித்த மறு நிமிடம் பொக்கை வாயைத் திறந்து சிரிப்பான்.

பிள்ளை பார்க்க வருகிறவர்கள் சும்மா போவார்களா? ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நான் சாப்பிட்ட பூண்டுக் குழம்பில் காரம் கூடிவிட்டதாம். இல்லை, குளிர்ந்த தண்ணீர் குடித்திருப்பேனாம். கண் பட்டிருக்கிறதாம். ஒரு சித்தி, "தொக்கம் விழுந்திருக்குடி, தின்னது ஏதோ தொண்டையில சிக்கியிருக்கு, பக்கத்து ஊர்ல ஒருத்தர் எடுப்பார், கூட்டிட்டுப் போவோம்" என்று கிளம்பியே விட்டார். அப்பத்தா மட்டும் வெற்றிலை இடித்துக்கொண்டே, "கக்குற பிள்ளை தக்கும். எல்லாரும் சும்மா இருங்கடி" என்றார்.

அப்பத்தா சொன்னதைத்தான் குழந்தை மருத்துவரும் வேறு விதமாகச் சொன்னார். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் இறுக்கி மூடும் தசை ஒன்று இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு அது இன்னும் பழகவில்லை, அடிக்கடி தளர்ந்துவிடும். உள்ளே போவதெல்லாம் திரவம், பிள்ளை படுத்தே கிடக்கிறது, வயிறும் சிறியது. பிறகு பால் மேலே வராமல் என்ன செய்யும்? நாலாம் மாதம் வாக்கில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு குறையும், பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேருக்கு ஒரு வயதுக்குள் நின்றுவிடும் என்றார். எத்தனை முறை கக்குகிறான் என்று நான் ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தாய் சேய் நல அட்டையை வாங்கி எடையைப் பார்த்தார். பிறக்கும்போது 2.9 கிலோ. கோடு சீராக மேலே ஏறிக்கொண்டிருந்தது. "துணி துவைக்கிறவங்களுக்குத்தாம்மா கஷ்டம், இவனுக்கு ஒண்ணுமில்லை" என்றார். ஐந்தாம் மாதம் 6 கிலோவைத் தாண்டினான்.

எங்களுக்கு உதவியது என்று பார்த்தால் முதலில் குளியல் நேரம். எங்கள் வீட்டில் குளிப்பாட்ட வரும் அம்மா காலை ஏழு மணிக்கு வருவார். பிள்ளை அழக் கூடாதே என்று அதற்கு முன்னால் வயிறு முட்டப் பால் கொடுத்துவிடுவோம். அவர் எண்ணெய் தேய்த்து, கால்மேல் போட்டு, கையையும் காலையும் மடக்கி, வயிற்றை நீவி... கேட்க வேண்டுமா? கொடுத்தது மொத்தமும் வெளியே வந்துவிடும். முதலில் குளியல், அப்புறம் பால் என்று மாற்றிய அன்றே பெரிய வித்தியாசம் தெரிந்தது. வயிற்றை அமுக்க வேண்டாம் என்று சொன்னதில் அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். எத்தனை பிள்ளைகளைக் குளிப்பாட்டிய கை!

அடுத்தது, எனக்குப் பால் வேகமாகப் பீய்ச்சும். அவன் விக்கி விக்கிக் காற்றையும் சேர்த்து விழுங்குவான். பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, அவனை என் மேல் போட்டுக் கொடுத்தபோது வேகம் அடங்கியது. நடுவில் ஒரு முறை நிறுத்தி ஏப்பம் விட வைப்பேன். குடித்து முடித்ததும் இருபது முப்பது நிமிடம் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு முகப்பிலிருந்து பின்கட்டு வரை நடை. ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிற வீட்டில் வாக்கப்பட்டதற்கு அப்போதுதான் சந்தோஷப்பட்டேன். கூட்டிப் பெருக்கும்போது அந்தச் சந்தோஷம் இருந்ததில்லை.

கானாடுகாத்தான் நர்சம்மா:

கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தங்கச்சி எழுதியதெல்லாம் சரி. விட்டுப்போனவற்றைச் சேர்க்கிறேன்.

கக்குகிற பிள்ளையைக் குப்புறப் போட்டால் நல்லது என்று சில வீடுகளில் சொல்வார்கள். தூங்கும்போது மல்லாக்கத்தான் போட வேண்டும். கக்கினால் மூச்சுக்குழாயில் போய்விடாதா என்று எல்லா அம்மாக்களும் கேட்பார்கள். மல்லாந்து படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். மேலே வரும் பால் சுலபமாக மூச்சுக்குழாய்க்குள் ஏறாது, பிள்ளையே விழுங்கிவிடும், அல்லது துப்பிவிடும். தலைக்கு அடியில் தலையணை, சேலை மடிப்பு எதுவும் வேண்டாம். பால் குடித்த கையோடு தூளியில் போட்டு ஆட்டவும் வேண்டாம். தூளியில் உடம்பு வளைந்து வயிறு மடங்கும், சின்னப் பிள்ளைக்கு முகவாய் நெஞ்சில் முட்டி மூச்சுக்கும் கஷ்டம். விழித்திருக்கும்போது, பக்கத்தில் ஆள் இருக்கும்போது குப்புறப் போட்டு விளையாட விடலாம்.

உரை மருந்து பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய், கடுக்காய் எல்லாம் தாய்ப்பாலில் உரைத்து நாக்கில் தடவுகிறார்கள். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்று பேரே வைத்திருக்கிறோம். ஆனால் வசம்பு அளவு மீறினால் அதுவே வாந்தியைக் கொண்டுவரும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று நாங்கள் வீடு வீடாகச் சொன்னதில் கிரைப் வாட்டரும் சர்க்கரைத் தண்ணீரும் அடக்கம். மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விடுவதும் கூடாது, அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா ஆகும்.

தொக்கம் எடுப்பது எனக்குக் கோபம் வருகிற விஷயம். ஆறு மாதம் ஆகாத பிள்ளை பாலைத் தவிர எதைத் தின்றது, தொண்டையில் சிக்குவதற்கு? விரலை விட்டு நோண்டியும் குழாய் வைத்து ஊதியும் தொண்டையைப் புண்ணாக்குவதுதான் மிச்சம். அவர்கள் எடுத்துக் காட்டுவது பிள்ளை வயிற்றிலிருந்து வந்தது இல்லை, அவர்கள் கையிலோ வாயிலோ இருந்தது.

அப்பத்தா சொன்ன பழமொழி நல்ல பழமொழிதான். ஆனால் எல்லாக் கக்கலுக்கும் அதைச் சொல்லிவிடாதீர்கள். பச்சை நிறத்தில் வாந்தி வந்தால் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது, குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் கலந்து வந்தாலோ, வயிறு உப்பிக் கல்லாக இருந்தாலோ, காய்ச்சலோடு துவண்டு கிடந்தாலோ, உச்சிக்குழி பள்ளமாக இருந்தாலோ, மூச்சு விடத் திணறினாலோ அப்படித்தான். ஆறு மாதத்துக்கு மேல் புதிதாகக் கக்க ஆரம்பித்தாலும் காட்டிவிடுங்கள். மூத்திரத்தை எண்ணுங்கள், ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் போனால் வயிற்றில் பால் தங்குகிறது என்று பொருள். ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று தடுப்பூசிக்கு வரும்போதெல்லாம் எடை போடச் சொல்லிக் கேளுங்கள். அங்கன்வாடியிலும் போடலாம்.

தேவகோட்டை அம்மா:

எல்லாக் கக்கலுக்கும் பழமொழி சொல்லாதீர்கள் என்று நர்சம்மா எழுதியது எங்கள் வீட்டிலேயே நடந்தது. என் தலைச்சன் மகனும் கக்கினான். எல்லோரும் இதே பழமொழியைச் சொன்னார்கள். நாலாவது வாரத்தில் கக்குவது மாறியது. வாயோரம் வழியவில்லை, பீறிட்டு அடித்தது. என் மடியிலிருந்து தள்ளிக் கிடந்த பாயில் போய் விழும். ஒவ்வொரு முறை பால் கொடுத்ததும் அப்படி. கக்கி முடித்ததும் பசியில் கையைச் சப்பிக்கொண்டு திரும்பப் பாலுக்கு அழுவான். கொடுத்தால் திரும்பவும் அதே கதை. துணி நனைவது குறைந்தது, தொடைத் தோல் சுருங்கியது. என் மாமியார்தான், "இது கக்குறது இல்லை, கிளம்பு" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாசலில் தசை தடித்துப் போய் அடைத்திருந்தது. பைலோரிக் ஸ்டெனோசிஸ் என்றார்கள். ஆண் பிள்ளைகளுக்கு, அதிலும் தலைச்சன் பிள்ளைக்கு அதிகமாக வருமாம். மதுரைக்கு அனுப்பினார்கள். நான் உடனே ஆபரேஷன் என்று நினைத்தேன். அவர்கள் முதலில் சலைன் ஏற்றி உடம்பில் உப்புச்சத்தைச் சரி பண்ணிய பிறகுதான் உள்ளே எடுத்துப் போனார்கள். தடித்த தசையைக் கீறி விடுகிற சின்ன ஆபரேஷன்தான். ராம்ஸ்டெட் என்ற ஜெர்மன் மருத்துவர் 1912-இல் செய்து காட்டிய முறை இன்றைக்கும் அதேதான் என்று அங்கே இருந்த டாக்டர் சொன்னார். ஆபரேஷன் முடிந்து சீக்கிரமே கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். அவன் இப்போது ஐந்தாம் வகுப்பு. வயிற்றுத் தழும்பைக் காட்டித் தம்பியைப் பயமுறுத்துகிறான்.

வழிந்தால் வேறு, பீறிட்டால் வேறு. இதை மட்டும் எல்லா மாமியார்களும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டையூர் ஆச்சி மகள்:

என் மகளுக்குக் கக்கலோடு மலத்தில் ரத்தக் கோடும் கன்னத்தில் சொறியும் இருந்தன. பால் குடிக்கும்போதே வில்லாக வளைந்து அழுவாள். மாட்டுப்பால் புரதம் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்பட்டார். அவளுக்குத் தாய்ப்பால்தான், ஆனால் நான் சாப்பிடுவது பால் வழியாகப் போகுமாம். சில வாரம் பால், தயிர், மோர், நெய், பால்கோவா எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். பால் காபி இல்லாத காலையை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். பால் பணியாரத்தை அம்மா எனக்கு மட்டும் தனியாகத் தேங்காய்ப்பாலில் போட்டுக் கொடுத்தார். ரத்தம் நின்றது, அழுகையும் குறைந்தது. நிஜமாகவே அதுதானா என்று பார்க்க மறுபடி பால் சேர்க்கச் சொன்னார், உடனே திரும்பி வந்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு நீங்களாக எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். பிள்ளை பெற்ற உடம்புக்குச் சாப்பாடு வேண்டும். வெறுமனே கக்குகிற பிள்ளைக்காகப் பத்தியம் இருப்பதில் பயனில்லை என்று அதே டாக்டர்தான் சொன்னார்.

புதுவயல் அப்பா:

ஆண்கள் யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பிள்ளையை விட என் மனைவிதான் துவண்டுபோனாள். பால் கொடுக்க முக்கால் மணி, நிமிர்த்தி வைத்திருக்க அரை மணி, கக்கினால் அவளும் குளித்துச் சேலை மாற்ற வேண்டும், அதற்குள் அடுத்த பசி. பிள்ளையார் நோன்பன்று எல்லோரும் மாவில் வைத்து ஏற்றிய திரியை, அதாவது இழை, எடுத்துக்கொண்டிருக்க, இவள் இரண்டாங்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "என் பால்தான் சரியில்லை" என்று ஒரே புலம்பல். உறவுக்காரர்கள் வேறு டின் பாலுக்கு மாற்றச் சொல்லிச் சொல்லி அந்த நினைப்பை ஏற்றிவிட்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து நிமிர்த்தித் தோளில் போடுகிற வேலை என்னுடையது, பால் கொடுப்பது மட்டும் அவளுடையது என்று ஆயிற்று. ராத்திரியிலும் அப்படியே. கடையில் பகலில் கல்லாவில் உட்கார்ந்து தூங்கியிருக்கிறேன், பரவாயில்லை. கக்கிய துணியை நானே முதலில் பச்சைத் தண்ணீரில் அலசிப் போடுவேன். சுடுதண்ணீர் ஊற்றினால் பால் கறை பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று, சொட்டு மருந்து கேட்டு டாக்டரை நச்சரித்தது நான்தான். அமிலத்தைக் குறைக்கும் மருந்து அமிலத்தைத்தான் குறைக்கும், கக்குவது குறையாது, எடை நன்றாக ஏறுகிற பிள்ளைக்கு அது எதற்கு என்று எழுதிக் கொடுக்க மறுத்துவிட்டார். அப்போது எனக்குக் கோபம். சொந்தக்காரர் பிள்ளைக்கு எழுதிய சீட்டை வைத்து மருந்துக் கடையில் வாங்கிவிடலாமா என்றுகூட யோசித்தோம். மனைவிதான் வேண்டாம் என்று நிறுத்தினாள்.

பள்ளத்தூர் மருமகள்:

என் மகளுக்கு ஐந்து மாதம். கெட்டியாக ஏதாவது கொடுத்தால் வயிற்றில் நிற்கும், அரிசிக் கஞ்சி ஊற்று என்கிறார் மாமியார். கொடுக்கலாமா நர்சம்மா?

கானாடுகாத்தான் நர்சம்மா:

எடை ஏறுகிறதா? ஏறினால் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். ஆறு மாதம் முடிந்ததும் தலை நின்று, பிடித்தால் உட்காருகிற பிள்ளைக்கு மசித்த சோறும் பருப்பும், கேழ்வரகுக் கூழ் எல்லாம் ஆரம்பிக்கலாம். மடியில் சாய்த்துப் புகட்டாமல் உட்கார வைத்துக் கொடுங்கள். பாட்டிலில் கஞ்சி ஊற்றிக் கொடுப்பது எப்போதும் வேண்டாம்.

காரைக்குடி மகள்:

என் மகனுக்குச் சோறு ஆரம்பித்ததும் குறைந்தது, தவழ ஆரம்பித்தபோது வயிறு தரையில் அழுந்தி மறுபடி கொஞ்சம் கூடியது. பயந்துவிடாதீர்கள். கம்பியைப் பிடித்து எழுந்து நிற்கப் பழகியதும் தானாக நின்றுவிட்டது. உங்கள் மாமியாரிடம் அடுத்த ஊசிக்குப் போகும்போது கூட வரச் சொல்லுங்கள். டாக்டர் வாயால் கேட்டால் எங்கள் வீட்டில் சீக்கிரம் எடுபட்டது.