புதுப்பிப்பு: லாகின் பக்கத்தில் லோகோ வந்துவிட்டது

எங்கள் தளம் ஓடும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் லாகின் பக்கத்தில் எங்கள் லோகோவைப் போட, தீமின் (தளத்தின் தோற்றத் தொகுப்பு) ஸ்டைல் ஃபைலில் என்ன எழுதினாலும் அசையவே மாட்டேன் என்கிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

தப்பு என் சிஎஸ்எஸ்ஸில் (தோற்றத்தைத் தீர்மானிக்கும் குறிமொழி) இல்லை, எழுதிய இடத்தில். லாகின் பக்கம் தீமின் ஸ்டைல் ஃபைலை எடுத்துக்கொள்வதே இல்லை, அது தனிக்குடித்தனம். சைல்டு தீமின் (மூலத் தீமைத் தொடாமல் மாற்றங்கள் செய்யும் துணைத் தீம்) ஃபங்ஷன்ஸ் ஃபைலில், 'லாகின் என்கியூ ஸ்கிரிப்ட்ஸ்' என்ற ஹூக்கில் (நம் கோடை மாட்ட வேர்ட்பிரஸ் தரும் கொக்கி) சின்ன ஃபங்ஷன் ஒன்றை மாட்டி, தனி சிஎஸ்எஸ் ஃபைலை ஏற்றினேன். உடனே வந்தது.

வந்த லோகோவோ நசுங்கிக் கிடந்தது. அங்கே லோகோ என்பது ஒரு லிங்க்கின் பின்னணிப் படம்தான். அதற்கு ஒதுக்கிய இடம் 84 பிக்சல் சதுரம். எங்களுடையது நீளவாக்கு. அகலத்தை 280 ஆக்கி, பேக்கிரவுண்ட் சைஸை 'கன்டெய்ன்' (படம் முழுதாக இடத்துக்குள் அடங்கும்) என்று வைத்ததும் நிமிர்ந்தது. லாகின் பெட்டியின் அகலமே 320 பிக்சல்தான், அதைத் தாண்டவேண்டாம்.

அப்புறம், லோகோவைத் தட்டினால் வேர்ட்பிரஸ் தளத்துக்குப் போகும். அதை மாற்ற, 'லாகின் ஹெடர் யூஆர்எல்' ஃபில்டரில் (ஒரு மதிப்பை மாற்றித் தரும் ஹூக்) நம் முகப்பு முகவரியைத் திருப்பி அனுப்பினால் போதும். லோகோ லிங்க்கின் எழுத்தை மாற்றும் ஃபில்டருக்குப் பழைய குறிப்புகளில் 'லாகின் ஹெடர் டைட்டில்' என்றிருக்கும்; வேர்ட்பிரஸ் 5.2 பதிப்பிலிருந்து அது 'லாகின் ஹெடர் டெக்ஸ்ட்'.

நடுவில் ஃபங்ஷன்ஸ் ஃபைலில் ஒரு அரைப்புள்ளியை விட்டுவிட்டு மொத்தத் தளத்தையும் படுக்க வைத்தேன். எஃப்டிபி (சர்வரில் உள்ள ஃபைல்களை நேரடியாக எடுத்துப் போடும் வழி) திறந்திருந்ததால் தப்பித்தேன்.

பாஸ்வேர்டு மறந்தவர்கள் போகும் பக்கத்துக்கு எதுவும் செய்யவில்லை. அதுவும் லாகின் பக்கம் இருக்கும் அதே வேர்ட்பிரஸ் ஃபைலில் இருப்பதால் தானாக மாறிக்கொண்டது.