நன்றாகப் பேசும் மகள் எழுத உட்கார்ந்தால் மூன்று வரியில் நிறுத்திவிடுகிறாள்

கேள்வி (வேளச்சேரியிலிருந்து ஒரு தாய்):
வணக்கம். என் மகள் நான்காம் வகுப்பில் படிக்கிறாள். சென்ற ஞாயிற்றுக்கிழமை மெரினாவில் அலை தன் செருப்பை அடித்துக்கொண்டு போனதைப் பாட்டியிடம் அரை மணி நேரம் விடாமல் சொன்னவள், அதையே நோட்டில் எழுதச் சொன்னபோது, "கடற்கரைக்குச் சென்றேன். மனலில் விளையாடினேன். மகிழ்ச்சி அடைந்தேன்" என்று முடித்துவிட்டாள். செருப்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ‘மனலில்’ என்பதைச் சிவப்பு மையால் சுழித்ததும் அவள் முகம் வாடிவிட்டது. வீட்டில் நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில் 1 (மயிலாப்பூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியை):
உங்கள் மகளிடம் சொல்வதற்குச் செய்தி நிறைய இருக்கிறது அம்மா. "இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு" என்று வாயில் வருவதை "இழுத்துக்கொண்டு போய்விட்டது" என்று மாற்றி, அதற்குள் எந்த ‘ன’ என்றும் யோசித்து, கதையையும் மறக்காமல் இருப்பது ஒன்பது வயதுக்குப் பெரிய சுமை என்பதால், குழந்தை பாடப்புத்தக வாக்கியங்களில் ஒதுங்கிக்கொள்கிறது. எனவே வேலையைப் பிரித்துவிடுங்கள். முதல் நாள் அவள் சொல்லட்டும், நீங்கள் ஒரு சொல்லையும் திருத்தாமல் பேச்சுத் தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் அந்தத் தாளைப் பார்த்து அவளே எழுத்துத் தமிழில் மாற்றி எழுதட்டும். "மகிழ்ச்சி அடைந்தேன்" என்று எழுதினால், அப்போது என்ன செய்தாய் என்று மட்டும் கேளுங்கள்.

பதில் 2 (அம்பத்தூர், ஒரு தந்தை):
அம்மையார் சொல்வதை ஏற்கிறேன். ஆனாலும் எழுத்துப்பிழையை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வராது. என் மகனுக்கு உதவியது எழுத்துகளின் பெயர்தான். ‘வண்டி’யில் ணகர மெய்யை அடுத்து டகரம் வருவதால் அது டண்ணகரம், ‘கன்று’வில் றகரம் வருவதால் றன்னகரம், ‘பந்து’வில் தகரம் வருவதால் தந்நகரம் என்று சொன்னதும், அவனே செய்தித்தாளில் தேடிப்பிடிக்கத் தொடங்கினான். ‘மணல்’ போன்ற சொற்களுக்கு இது கைகொடுக்காது. அங்கே மனம், மணம் என்று இரண்டையும் நாக்கை மடித்தும் மடிக்காமலும் உரக்கச் சொல்லிப் பழக்குவதே வழி. வாரத்துக்கு ஓர் எழுத்து போதும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்கும் அழைத்துச் செல்லுங்கள், உங்களுக்குப் பக்கம்தான்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், இன்று அவளே மாற்றி எழுதினாள். "அலை என் ஒரு செருப்பை மட்டும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அப்பா பேண்ட்டை மடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்" என்று ஒரு பக்கம் நிறைந்தது. ‘ஓடினாங்க’ என்பதை எப்படி எழுத வேண்டும் என்று அவளே கேட்டாள். மணல் இன்னமும் ‘மனல்’தான், சிவப்புப் பேனாவை நான் எடுக்கவில்லை. இந்த வாரம் ணகரத்தை எடுத்துக்கொள்ளப்போகிறோம்.