கிளிநொச்சி வாடகை வீடு விக்கிற கதை: புதுப்பிப்பு

போன மாதம் கேட்டிருந்தன்: வாடகைக்குக் குடுத்த வீட்டை இருக்கிற ஆக்களோட விக்கிறதா, எழுப்பிப்போட்டு விக்கிறதா எண்டு. கனபேர் ‘எழுப்பு’ எண்டியள்.

எழுப்பேல்லை. குடியிருக்கிற ரீச்சரே வாங்கக் கேட்டா. “அண்ணை, கிணத்தடி முருங்கை நான் வச்சது. வேற ஆருக்கும் குடுத்திடாதேங்கோ.” வெளிநாட்டில இருக்கிற இன்னொருத்தர் கொஞ்சம் கூடத் தாறன் எண்டவர்தான், ஆனா வெறும் வீடா வேணுமாம். அவர் வரும்வரை வாடகையில்லாமப் பூட்டி வச்சா அந்தக் ‘கூட’ எங்க மிஞ்சும்?

சிக்கல் வேற இடத்தில. அப்பாவின்ர அளிப்புப் பத்திரத்தை, அதாவது அரசாங்கம் காணி குடுத்த பத்திரத்தை, எடுத்துப் பார்த்தன். இடம்பெயர்ந்த இடமெல்லாம் சொப்பின் பையுக்க திரிஞ்ச கடதாசி, மடிப்பெல்லாம் கிழிசல். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டக் காணி அது. பிரதேச செயலாளரின்ர எழுத்துமூலச் சம்மதம் இல்லாம உறுதி (விற்பனைப் பத்திரம்) எழுதினாச் செல்லாது. முதல்ல என்ர பேருக்கு மாத்தவேணும். நல்லகாலம், தனக்குப் பிறகு காணி சேரவேண்டிய பின்னுரித்தாளரா அப்பா என்னைப் போட்டிட்டுத்தான் போனவர்.

உறுதி எழுதேக்க கட்டிற முத்திரை வரியையும் கேட்டிருந்தியள்: பெறுமதியில முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம்.

விண்ணப்பம் குடுத்தாச்சு. சம்மதம் வரும்வரை அட்வான்ஸ் வாங்கேல்லை; ரீச்சர் வழமைபோல வாடகை தாறா, முருங்கைக்காயும்தான்.