1.6 டெராபைட் குடும்பப் படம்: கூகுளுக்கே கட்டணமா, வீட்டு சர்வரா?

#1 எருக்கம்பூ

கணக்கை முதல்ல வெச்சிடறேன். படம் 1,30,000 சொச்சம், வீடியோ 9,000. மொத்தம் 1.6 டெராபைட், அதுல 1.1 டெராபைட்டை வீடியோவே தின்னுது. நாலு கூகுள் கணக்கு, ரெண்டு பழைய ஹார்ட்டிஸ்க், ஸ்கேன் பண்ணின நெகட்டிவ்னு சிதறிக் கிடக்கு. பார்க்க வேண்டியவங்க 14 பேர்: சென்னை, கோவை, நெல்லை, ஒரு வீடு டொரன்டோவுல. வயசு 9 தொடங்கி 78 வரை. முதல் வருஷம் 35,000 ரூபாய் போடலாம், அப்புறம் வருஷத்துக்கு ஏழாயிரம் தாண்டக் கூடாது. கூகுள் ஒன் 2 டெராபைட் வாங்கி எல்லாத்தையும் அதுல கொட்டறதா, வீட்டு சர்வர்ல இம்மிச் (கூகுள் போட்டோஸ் மாதிரி, நம்ம கணினியிலயே ஓடற மென்பொருள்) போடறதா? காரணத்தோட சொல்லுங்க.

#2 கம்பிவேலி

இம்மிச். எட்டாம் தலைமுறை ஐ5 போட்ட பழைய மினி பிசி, 16 ஜிபி ராம், சிஸ்டத்துக்கும் டேட்டாபேசுக்கும் ஒரு எஸ்எஸ்டி, படத்துக்கு 4 டெராபைட் டிஸ்க் ரெண்டு. உங்க 35,000-ஐ ஒட்டி வரும். ஐ5 எதுக்குன்னா, அதுல இருக்கிற குவிக்சிங்க்தான் வீடியோவை போனுக்கு ஏத்த மாதிரி மாத்தித் தரும். இல்லேன்னா 9,000 வீடியோவுக்கு பிராசசர் மூச்சு வாங்கும்.

டிஸ்க் வாங்கும்போது சிஎம்ஆர் (தடங்கள் தனித்தனியா இருக்கிற வகை) தானான்னு பார்த்து வாங்குங்க. எஸ்எம்ஆர்ல தடங்கள் கூரை ஓடு மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சிருக்கும். ஒரே மூச்சுல ஒரு டெராபைட் எழுதினா தற்காலிகச் சேமிப்பான கேஷ் நிரம்பி வேகம் படுத்துடும்.

இன்னொண்ணு. இம்மிச்சோட இயல்பான தேடல் மாடலுக்குத் தமிழ் தெரியாது. அமைப்புல பன்மொழி மாடலுக்கு மாத்திட்டு, ஸ்மார்ட் சர்ச் வேலையை எல்லாப் படத்துக்கும் மறுபடி ஓட்டணும். ரெண்டு மூணு நாள் ஓடும், ஓடட்டும். அப்புறம் "கோலம்"னு தேடினா கோலம் வரும்.

#3 நடுமுற்றம்

கம்பிவேலி சார் பட்டியல்ல ஒரு உதிரிபாகம் விட்டுப்போச்சு: அதை நடத்தற ஆள். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், கேஷ், முகம் பார்க்கிற கன்டெய்னர், சர்வர்னு டோக்கர்ல (மென்பொருளைத் தனித்தனிப் பொட்டலமா, அதாவது கன்டெய்னரா, ஓட்டற கருவி) நாலு கன்டெய்னர் எப்பவும் ஓடணும். எருக்கம்பூ வெளியூர்ல இருக்கும்போது கரண்ட் போய் வந்து ஒண்ணு எழும்பலேன்னா 13 பேருக்கும் படம் கிடையாது. 78 வயசுக்காரருக்கு வெளியே இருந்து வீட்டு சர்வரை எட்ட உதவற டெயில்ஸ்கேல் ஆப் ஆன்ல இருக்கா, ஆஃப்ல இருக்கான்னு போன்ல யார் விளக்கறது?

பல இணைய நிறுவனங்கள் (ஐஎஸ்பி) இப்ப பொது ஐபிவி4 முகவரி தர்றதில்ல, பல வீட்டை ஒரே பொது முகவரியில அடக்கற சிஜிநாட்டுக்குப் பின்னாடிதான் வைக்கறாங்க. ரவுட்டர்ல வாசல் மாதிரி இருக்கிற போர்ட்டைத் திறந்தாலும் வெளியே இருந்து வழி கிடையாது. மின்சாரம்? 25 வாட் இழுத்தா வருஷத்துக்கு 219 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 36 சொச்சம். பில் ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி வர்ற வீடுன்னா அந்த 36 ஸ்லாபையே மாத்தி விட்டுடும்.

கூகுள் ஒன் 2 டெராபைட் வருஷத்துக்கு 6,500 ரூபாய் வாக்குல. குடும்பத்துல இன்னும் 5 பேரோட அந்த இடத்தைப் பங்கு போட்டுக்கலாம். பார்க்க மட்டும் வர்ற மீதிப் பேருக்குத் திட்டமே தேவையில்ல, லிங்க் போதும். முடிஞ்சது வேலை.

#4 ஓலைப்பெட்டி

இருவரும் ஒரே தவறைத்தான் செய்கிறீர்கள். வைப்பது வேறு வேலை, காட்டுவது வேறு வேலை. கூகுளும் இம்மிச்சும் காட்டும் சன்னல்கள். சன்னல்கள் மாறும். பிகாசா 2016-இல் மூடப்பட்டது. 2013-இல் எல்லோருக்கும் ஒரு டெராபைட் இலவசம் என்ற ஃபிளிக்கர், 2018-இல் ஸ்மக்மக் கைக்குப் போன பிறகு இலவசக் கணக்கை 1,000 படங்களுக்குச் சுருக்கியது. கூகுள் போட்டோஸின் வரம்பில்லா இலவசம் 2021 ஜூன் 1-உடன் முடிந்தது.

இந்தக் கடைசித் தேதி எருக்கம்பூவுக்கு முக்கியம். அதற்கு முன் "ஹை குவாலிட்டி"யில் ஏற்றியவை ஒதுக்கீட்டில் கணக்காகாது. நான்கு கணக்குகளையும் ஒன்றாக்குகிறேன் என்று இறக்கி ஏற்றினால் அவை அனைத்தும் கணக்கில் வந்துவிடும். தவிர, அவை 16 மெகாபிக்சலுக்குள் சுருக்கப்பட்ட பிரதிகள். மூலப்படம் அந்தப் பழைய ஹார்ட்டிஸ்க்கில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மூலங்களை ஆண்டு, மாதம் என்று சாதாரணக் கோப்புறைகளில் வையுங்கள். எந்த மென்பொருளும் இல்லாமல் யார் வேண்டுமானாலும் திறக்கலாம். சன்னலை அதன் மேல் மாட்டிக்கொள்ளலாம்.

#5 கம்பிவேலி

ஓலைப்பெட்டி சொல்றதுல எனக்குப் பிரச்சினை இல்ல, இம்மிச்சே அதைச் செய்யும். ஸ்டோரேஜ் டெம்ப்ளேட் இயல்பா ஆஃப்ல இருக்கும், அப்ப கோப்பெல்லாம் புரியாத எழுத்துச் சரமா சேமிக்கப்படும். முதல் படம் ஏத்தறதுக்கு முன்னாடியே அதை ஆன் பண்ணி வருஷம்/மாதம்னு வெச்சிடுங்க.

நடுமுற்றம் சார், 1.6 டெராபைட்டை 2 டெராபைட் டப்பாவுல போட்டா எத்தனை நாளைக்கு வரும்? 4கே வீடியோ, நொடிக்கு 60 ஃபிரேம், ஒரு நிமிஷத்துக்கு 400 எம்பி. அடுத்த படி 5 டெராபைட், அது ஏழாயிரத்துக்குள்ள நிக்காது. கணக்கு முடக்கத்தையும் சேர்த்துக்கங்க. 2021-ல அமெரிக்காவுல ஒரு அப்பா, டாக்டருக்கு அனுப்ப எடுத்த குழந்தை படத்தால கூகுள் கணக்கையே இழந்தார். போலீஸ் விசாரிச்சு குற்றமில்லேன்னு சொன்ன பிறகும் திரும்பத் தரல. மெயில், படம், தொடர்பு எண் எல்லாம் ஒரே சாவியில தொங்குது.

#6 நடுமுற்றம்

வீட்டுப்பெட்டி மட்டும் சாவி இல்லாததா? 2021 ஜூன்ல இணையத்துல நின்ன வெஸ்டர்ன் டிஜிட்டல் மை புக் லைவ் சேமிப்புப் பெட்டிகள் உலகம் பூரா தூரத்துலேர்ந்தே துடைக்கப்பட்டுச்சு. 2022 ஜனவரியில கியூநாப் சேமிப்புப் பெட்டிகளை டெட்போல்ட்ங்கிற வைரஸ் பூட்டிப் பணம் கேட்டுச்சு. போர்ட் திறந்து வெச்ச வீட்டு சர்வர் அந்த வரிசைதான். ரெண்டு டிஸ்க்லயும் ஒரே நேரத்துல ஒரே விஷயத்தை எழுதற ரெய்டு 1 போட்டுட்டேன், பத்திரம்னு நினைப்பாங்க. ரெய்டு 1 ஒரு டிஸ்க் செத்தா காப்பாத்தும். தப்பா அழிச்சதையும், வைரஸ் பூட்டினதையும் அந்த நொடியே அடுத்த டிஸ்க்லயும் நேர்மையா செஞ்சு முடிக்கும்.

#7 கம்பிவேலி

ரெய்டு 1-னு நான் எங்கே சொன்னேன்? ரெண்டாவது டிஸ்க் காப்புப் பிரதிக்கு. ரெஸ்டிக்ங்கிற காப்பு மென்பொருள் வெச்சு தினமும் ஸ்நாப்ஷாட் (அன்னிக்கு இருந்த நிலையோட பிரதி). நேத்து அழிச்சது முந்தாநாள் ஸ்நாப்ஷாட்ல இருக்கும். கோப்புறையை அப்படியே நகலெடுக்கிற ஆர்சிங்க்ல டெலீட் விருப்பத்தோட ஓட்டறவங்கதான் மாட்டிப்பாங்க: மூல டிஸ்க் சரியா இணையாம (மவுன்ட் ஆகாம) காலியா தெரிஞ்சா காப்பும் காலி.

போர்ட் திறக்கவும் வேண்டாம். கிளவுட்ஃப்ளேர் டனல் (வீட்டு சர்வர் தானே வெளியே போய் இணையற வழி) போட்டா சிஜிநாட்டும் தடையில்ல. ஆனா இலவசத் திட்டத்துல ஒரு கோரிக்கை 100 எம்பி தாண்டக் கூடாது, அதுக்கு மேலான வீடியோ வெளியூர்லேர்ந்து ஏறாது. ஆப் மறுபடி மறுபடி முயற்சி பண்ணி பேட்டரியைத் தின்னும். ஆப்ல வீட்டு வைஃபைக்கு உள்முகவரியும் வெளியில டனல் முகவரியும் தனித்தனியா கொடுத்துடுங்க, பெரிய வீடியோ வீட்டுக்கு வந்ததும் ஏறிக்கும்.

#8 சல்லடை

எல்லாரும் 1.6 டெராபைட்டைத் தூக்கிட்டு ஓடறீங்க. முதல்ல களை எடுங்கப்பா. நாலு கணக்குன்னா ஒரே கல்யாணப் படம் நாலு தரம் இருக்கும். வாட்ஸ்அப் குட்மார்னிங் ரோஜா மட்டும் சில ஆயிரம் தேறும்.

முதல்ல ஹாஷ் (கோப்போட கைரேகை மாதிரி ஒரு எண்) பார்த்து அச்சு அசலான நகல்களை நீக்குங்க, இதுல ஆபத்தில்ல. அப்புறம் சவ்கா (Czkawka) மாதிரி கருவியில "ஒத்த படம்" தேடல். இங்கதான் கோட்டை விடுவாங்க: "பழைய தேதி உள்ளதை வை"ன்னு விட்டா வாட்ஸ்அப்ல வந்த சுருங்கின படம் தங்கி, கேமரா மூலம் போயிடும். கோப்புத் தேதி காப்பி பண்ணின தேதியாகவும் இருக்கலாம். பிக்சல் அதிகமா உள்ளது, எக்ஸிஃப் (கேமரா படத்துக்குள்ளேயே எழுதற தேதி, இட விவரம்) உள்ளது, இந்த ரெண்டை வெச்சு முடிவு பண்ணுங்க. நீக்கறதைக் குப்பைக்கு அனுப்பாம தனிக் கோப்புறைக்கு நகர்த்தி மூணு மாசம் வெச்சிருங்க.

வீடியோவை ஹெச்இவிசிங்கிற சின்ன அளவு வடிவத்துக்கு மாத்தி இடம் மிச்சம் பிடிக்கலாம்னு யாராவது சொல்வாங்க. பார்க்கற பிரதிக்கு மாத்துங்க. மூலத்தைத் தொடாதீங்க.

#9 எருக்கம்பூ

எந்தப் பக்கம் போனாலும் டேக்அவுட் (கூகுள்ல உள்ளதை மொத்தமா இறக்கற வசதி) எடுத்துத்தான் ஆகணும் போல. ஆர்குளோன் மாதிரி கோப்பு நகலெடுக்கிற கருவி வெச்சு நேரா இறக்க முடியாதா?

#10 ஓலைப்பெட்டி

முடியாது. 2025 மார்ச் 31-க்குப் பிறகு கூகுள் தன் போட்டோஸ் ஏபிஐ-யை (வெளிச் செயலிகள் நுழையும் வழியை) இறுக்கிவிட்டது. ஒரு செயலி தான் ஏற்றிய படங்களை மட்டுமே பார்க்க முடியும். டேக்அவுட்தான் வழி. இதில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள், ஆகவே சற்று விரிவாக.

துண்டின் அளவை 50 ஜிபி என்று தெரிவு செய்யுங்கள், முப்பதுக்கு மேல் துண்டுகள் வரும். இறக்கும் இணைப்பு சுமார் ஒரு வாரம்தான் உயிரோடிருக்கும். 100 எம்பிபிஎஸ்ஸில் 1.6 டெராபைட்டுக்கு இடைவிடாமல் 36 மணி நேரம் ஆகும். எனவே நான்கு கணக்குகளையும் ஒரே நாளில் கேட்காமல் வாரத்துக்கு ஒன்றாகக் கேளுங்கள்.

நீங்கள் கூகுளில் திருத்திய தேதி, சேர்த்த இடம், எழுதிய குறிப்பு எதுவும் படத்துக்குள் இராது, பக்கத்திலுள்ள ஜேசன் என்ற விவரக் கோப்பில் இருக்கும். ஸ்கேன் செய்த நெகட்டிவ்களுக்கும் வாட்ஸ்அப் படங்களுக்கும் அந்த ஜேசன்தான் ஒரே ஆதாரம். படம் ஏழாவது துண்டிலும் அதன் ஜேசன் எட்டாவது துண்டிலும் இருக்கக்கூடும். துண்டு துண்டாகச் செயலாக்கினால் இணை பிரிந்துவிடும். நீண்ட கோப்புப் பெயர்கள் ஜேசன் பக்கம் வெட்டுப்படும். ஒரே பெயரில் இரண்டு படங்கள் இருந்தால் அடைப்புக்குறி எண் படத்தில் ஓரிடத்திலும் ஜேசனில் வேறிடத்திலும் நிற்கும். இம்மிச்-கோ என்ற கருவி எல்லாத் துண்டுகளையும் சேர்த்துப் படித்து இந்தப் பொருத்தத்தைச் செய்யும். கையால் ஸ்கிரிப்ட் எழுதத் தொடங்காதீர்கள்.

எழுதியே தீருவேன் என்பவர்களுக்கு: ஜேசனில் உள்ள நேரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டாமல் எக்ஸிஃபில் எழுதினால், நள்ளிரவு முதல் காலை 5:30 வரை எடுத்தவை எல்லாம் முந்தின நாளுக்குப் போய்விடும். பிரம்ம முகூர்த்தக் கல்யாணம் முழுவதும் நிச்சயதார்த்த நாளில் போய் உட்கார்ந்துவிடும்.

#11 நடுமுற்றம்

இவ்வளவையும் படிச்ச பிறகும் சொல்றேன், இந்தப் பாடு கூகுள்லேயே இருந்தா இல்ல.

#12 ஓலைப்பெட்டி

இன்று இல்லை. வெளியேற நேரும் நாளில் இருக்கும், அன்று படங்கள் இரண்டு மடங்காகியிருக்கும். கூகுளின் பகிர்ந்த ஆல்பத்தில் இன்னொரு விஷயம்: அத்தை சேர்த்த படத்தை அத்தை தன் கணக்கில் அழித்தால் ஆல்பத்திலிருந்தும் போய்விடும், மற்றவர்கள் தனியே சேமித்திருந்தாலொழிய. அவர்கள் சேமித்தால் அவரவர் ஒதுக்கீட்டில் கணக்காகும். ஆல்பம் சேமிப்பகம் அல்ல.

கம்பிவேலிக்கும் ஒன்று. இம்மிச்சில் முகங்களுக்கு இட்ட பெயர்களும் ஆல்பங்களும் டேட்டாபேசில் மட்டுமே இருக்கும். தேதி, குறிப்பு, இடம் போன்றவை எக்ஸ்எம்பி துணைக்கோப்பில் எழுதப்படும். டேட்டாபேஸின் முழு நகல் (டம்ப்) தினமும் இரவு 2 மணிக்குத் தானாக எடுக்கப்பட்டுக் கடைசி 14 வைக்கப்படுகிறது. ஆனால் அது படங்கள் இருக்கும் அதே இடத்திலேயே விழும். டிஸ்க் போனால் காப்பும் கூடவே போகும். ஆகவே அந்தக் கோப்புறையையும் ரெஸ்டிக்கில் சேருங்கள்.

#13 கம்பிவேலி

சேர்த்துத்தான் ஓட்டணும், ஒப்புக்கறேன். வீட்டுக்கு வெளியே ஒரு பிரதியும் கட்டாயம். 2015 டிசம்பர்ல சென்னையும் 2023 டிசம்பர்ல தாமிரபரணிக் கரையும் பட்டதை மறந்துட்டு தரைத்தளத்துல ரெண்டு டிஸ்க்கையும் வைக்காதீங்க. மூணாவதா ஒரு 4 டெராபைட் வெளி டிஸ்க், கோவை வீட்ல. தீபாவளிக்கும் சித்திரைக்கும் கொண்டு வந்து புதுப்பிச்சு அனுப்பினா போதும்.

#14 சல்லடை

அந்த கோவை டிஸ்க்கை ரெஸ்டிக்ல போடாதீங்க. பாஸ்வேர்டு தொலைஞ்சா அது செங்கல். எந்தப் பேரனும் சொருகித் திறக்கற மாதிரி சாதா கோப்புறையா, என்டிஎஃப்எஸ் டிஸ்க் வடிவத்துல இருக்கட்டும். எக்ஸ்ஃபேட் வடிவத்துக்கு ஜர்னல் (எழுதப்போறதை முன்னாடியே குறிச்சு வைக்கற பதிவு) கிடையாது, எழுதும்போது கேபிளைப் பிடுங்கினா அட்டவணை கெட்டுடும்.

#15 கம்பிவேலி

பூட்டாத டிஸ்க்கை பஸ்ல அனுப்பினா, அது கை மாறினா? அதுல ஆதார் ஸ்கேனும் இருக்கும்.

#16 சல்லடை

ஆதார் ஸ்கேன் குடும்ப ஆல்பத்துல எதுக்கு இருக்கு? அதைத்தான் களைன்னேன்.

#17 நடுமுற்றம்

கூகுளை விடுங்க, டிஸ்க்கை பஸ்ல ஏத்தறதுக்கு மேகத்துலேயே ஒரு ஆழக்கிடங்கு இருக்கு. அமேசான் கிளேசியர் டீப் ஆர்க்கைவ், அமெரிக்க மையங்கள்ல டெராபைட்டுக்கு மாசம் ஒரு டாலர் வாக்குல. வருஷ வாரியா, பல கோப்பை ஒண்ணா சேர்க்கற டார் கட்டா ஏத்துங்க. கோப்புக்குக் கோப்பு கோரிக்கைக் கட்டணம் உண்டு, 1,39,000 கோப்பை உதிரியா ஏத்தினா அதுவே ஏழு டாலர். எடுக்கத்தான் வலிக்கும்: 12 மணி நேரம் வாக்குல காத்திருக்கணும், முழுசா இறக்க நூத்தைம்பது டாலருக்கு மேல ஆகும், 180 நாளுக்குள்ள அழிச்சாலும் மிச்ச நாளுக்குக் காசு. தீப்பிடிச்ச வீட்டுக்குன்னா அது மலிவு.

#18 எருக்கம்பூ

சரி, இப்படி நினைக்கிறேன். மூலம் வருஷம்/மாதம் கோப்புறையில, மேல இம்மிச், பக்கத்துல ரெஸ்டிக் டிஸ்க், கோவையில சாதா டிஸ்க் (ஆதார் நீக்கி). 78 வயசுக்காரருக்கும் டொரன்டோவுக்கும் மட்டும் வருஷத்துக்கு 500 படம் பொறுக்கி கூகுள் பகிர்வு ஆல்பம், அது 15 ஜிபி இலவசத்துக்குள்ள அடங்கும். நடுமுற்றம் சார் சொன்ன நடத்தற ஆள் விஷயம் உறுத்துது. 16 வயசு மருமகனுக்குச் சொல்லித் தரப் போறேன். டேக்அவுட் முடிஞ்சதும் பழைய கணக்குகளைக் காலி பண்ணிடலாமா?

#19 நடுமுற்றம்

500 பொறுக்கற ஆள் கிடைச்சா எனக்கும் சொல்லுங்க. பெட்டிக்கு ஒரு யூபிஎஸ் வாங்குங்க, யூஎஸ்பி கேபிள் உள்ளதா. பேட்டரி இறங்கறதுக்குள்ள பெட்டி தானா ஒழுங்கா அணையணும். ரவுட்டருக்குத் தனியா 12 வோல்ட் குட்டி யூபிஎஸ்.

#20 ஓலைப்பெட்டி

உடனே காலி செய்யாதீர்கள். முதலில் கோவை டிஸ்க்கிலிருந்து வேறொரு கணினியில் வருடத்துக்கு இருபது கோப்புகளைத் திறந்து பாருங்கள். அவற்றில் குறைந்தது ஐந்து கோப்புகள் வீடியோவாக இருக்கட்டும், கடைசிவரை ஓட்டுங்கள். பிறகு எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். அது பொருந்தாது, பயப்பட வேண்டாம். ஐபோனின் லைவ் போட்டோ கூகுளில் ஒன்றாகவும் டேக்அவுட்டில் படம், வீடியோ என இரண்டாகவும் வரும். ஆல்பத்தில் உள்ள படம் ஆண்டுக் கோப்புறையிலும் ஆல்பக் கோப்புறையிலும் இரு முறை வரும். ஆகவே டேக்அவுட் எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் இயல்பு. குறைந்தால் எந்தத் துண்டு விடுபட்டது என்று எண் வரிசையில் பாருங்கள்.