போஸ்ட்ஃபிக்ஸ்: ஃபில்டர் வழியாக வரும் மெயிலை மட்டும் வாங்க வேண்டும், ஆனால் ஃபில்டரையே சில நேரம் திருப்பி அனுப்புகிறது

விஷாரத்தான்:
வணக்கம். மேல்விஷாரத்தில் ஒரு தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். மெயில் சர்வரும் என் தலையில்தான். உபுண்டு 22.04, மெயிலை வாங்கி அனுப்பும் மென்பொருள் போஸ்ட்ஃபிக்ஸ் 3.6.

ஸ்பேம் தொல்லை தாங்காமல் வெளியே ஒரு ஃபில்டர் சேவைக்குப் பணம் கட்டி, எங்கள் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை அவர்கள் பக்கம் திருப்பினோம். அப்படியும் "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் பணம் போடவும்" என்று போலி மெயில்கள் நிற்கவில்லை. லாக்கைப் பார்த்தால், அவை ஃபில்டர் பக்கமே போகாமல் நேராக எங்கள் ஐபியில், சர்வர்கள் தங்களுக்குள் மெயில் கொடுக்கும் 25ஆம் போர்ட்டில் வந்து இறங்குகின்றன.

அதனால் ஃபில்டர்காரர்கள் கொடுத்த ஐபி வரிசையை, போஸ்ட்ஃபிக்ஸ் நம்பும் முகவரிகளின் பட்டியலான மைநெட்வொர்க்ஸில் சேர்த்தேன். எந்த ஐபியிடமிருந்து வாங்கலாம் என்று தீர்மானிக்கும் கிளையன்ட் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸில் 'பெர்மிட் மைநெட்வொர்க்ஸ், ரிஜெக்ட்' என்று போட்டேன். வீட்டிலிருந்து 25க்கு டெல்நெட் அடித்தேன், இணைப்பே வரவில்லை. சரி, பூட்டியாச்சு என்று தூங்கிவிட்டேன்.

மறுநாள் இரண்டு பஞ்சாயத்து. இத்தாலி பையரின் மெயில் ஒன்று வருகிறது, அடுத்தது 554 என்ற மறுப்பு எண்ணை வாங்கித் திரும்பிப் போகிறது. முதலாளி சென்னை வீட்டிலிருந்து போனில் எதுவும் அனுப்ப முடியவில்லை. என்ன செய்வது?

காட்பாடிக்காரன்:
முதலில் போஸ்ட்ஃபிக்ஸின் முக்கிய அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப்பில் சாஃப்ட்பவுன்ஸை எஸ் என்று மாற்றி ரீலோட் பண்ணுங்கள். 5இல் தொடங்கும் நிரந்தர மறுப்பெல்லாம் 4இல் தொடங்கும் தற்காலிக மறுப்பாகிவிடும். அனுப்புகிற சர்வர் மெயிலைத் திருப்பாமல் கியூவில் வைத்துக்கொண்டு மறுபடி முயலும். பையர் கோபிப்பதற்குள் நமக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்.

வீட்டிலிருந்து டெல்நெட் போகாதது உங்கள் பூட்டுக்குச் சாட்சி இல்லை. வீட்டு பிராட்பேண்டில் வெளியே போகும் 25ஐ நிறைய இடத்தில் அடைத்திருப்பார்கள். வெளியில் ஒரு விபிஎஸ்ஸிலிருந்து, அதாவது வாடகை சர்வரிலிருந்து, சோதியுங்கள்.

திரும்பிப் போன மெயில் எந்த ஐபியிலிருந்து வந்தது? லாக்கில் அந்த வரியைப் பாருங்கள்.

விஷாரத்தான்:
பார்த்தேன் சார். நடுவில் கோலன் கோலனாகப் போட்ட நீளமான முகவரி.

காட்பாடிக்காரன்:
அப்படியென்றால் ஐபிவி6. உங்கள் சர்வர் பெயருக்கு ஐபிவி6 முகவரியைச் சொல்லும் நாலு ஏ (AAAA) பதிவு இருக்கும். ஃபில்டர் சில நேரம் அந்த வழியில் வருகிறது, உங்கள் பட்டியலில் ஐபிவி4 மட்டும் இருக்கிறது. அவர்களிடம் வி6 வரிசையையும் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் அதையும் மைநெட்வொர்க்ஸில் கொண்டுபோய்ப் போடாதீர்கள். உங்கள் தொழிற்சாலை கேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தோல் ஏற்றி வரும் லாரியை உள்ளே விடச் சொல்வது ஒன்று. அதே டிரைவரிடம் உங்கள் கேட் பாஸ் புத்தகத்தைக் கொடுத்து, எதை வேண்டுமானாலும் நம் பெயரில் வெளியே அனுப்பிக்கொள் என்பது வேறு. மைநெட்வொர்க்ஸ் அந்தப் புத்தகம். அதில் இருப்பவர் உங்கள் சர்வர் வழியாக உலகத்தில் யாருக்கும் மெயில் அனுப்பலாம். அங்கே 127.0.0.1, ஆபீஸ் லேன், அவ்வளவுதான் இருக்க வேண்டும்.

ஃபில்டருக்குத் தனியாக ஒரு சிஐடிஆர் கோப்பு, அதாவது ஐபி வரிசைகளின் பட்டியல், வையுங்கள். வரிக்கு ஒரு வரிசை, பக்கத்தில் ஓகே, உதாரணமாக 203.0.113.0/24 ஓகே. கிளையன்ட் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸில் பெர்மிட் மைநெட்வொர்க்ஸ், அடுத்து அந்தக் கோப்பைச் சுட்டும் செக் கிளையன்ட் ஆக்ஸஸ், கடைசியில் ரிஜெக்ட். சிஐடிஆர் கோப்புக்கு போஸ்ட்மேப் கட்டளையை ஓட்டத் தேவையில்லை, ரீலோட் போதும். இந்த ஓகே அந்தப் பட்டியலைத் தாண்ட மட்டும்தான். வெளியே அனுப்பலாமா என்பதை ரிலே ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் தனியாகப் பார்க்கும், 2.10இல் வந்த நல்ல காரியம் அது.

முதலாளி விஷயம்: மெயின்.சிஎஃப்பில் போட்ட ரிஜெக்ட், போன் போன்றவை கடவுச்சொல் கொடுத்து மெயில் அனுப்பும் 587ஆம் போர்ட்டுக்கும் சேர்த்துத்தான் வேலை செய்கிறது. சேவைகளைப் பட்டியலிடும் மாஸ்டர்.சிஎஃப்பில், 587க்கான சப்மிஷன் வரிக்குக் கீழே, கிளையன்ட் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் என்பதற்கு 'பெர்மிட் சாஸ்ல் ஆதென்டிகேட்டட், ரிஜெக்ட்' என்று தனியாகக் கொடுங்கள். கடவுச்சொல் கொடுத்து நுழைந்தவருக்கு மட்டும் அனுமதி என்று பொருள். வரி இடைவெளியில் தொடங்க வேண்டும், சமக்குறிக்கும் காற்புள்ளிக்கும் பக்கத்தில் இடைவெளி வரக்கூடாது. இதில் ஒரு ராத்திரியைத் தொலைத்தவன் சொல்கிறேன்.

ஆம்பூர்_லினக்ஸ்:
இவ்வளவு எதற்கு? ஃபயர்வாலில் 25ஐ ஃபில்டர் ஐபிக்கு மட்டும் திறந்தால் முடிந்தது. 587ஐத் தொடவே வேண்டாம்.

காட்பாடிக்காரன்:
செய்யலாம், நானும் இரண்டையும் வைத்திருக்கிறேன். ஆனால் ஃபயர்வாலிலும் வி6 விதி தனி, அதை மறந்தால் இதே கதைதான். போஸ்ட்ஃபிக்ஸ் மறுத்தால் யாரை ஏன் மறுத்தது என்று மெயில் லாக்கிலேயே இருக்கும். இவர் இப்போதுதான் மாற்றுகிறார், அந்த வரிகள் தேவைப்படும்.

விஷாரத்தான்:
எல்லாம் செய்தேன். முதலாளி போன் சரியாகிவிட்டது. வெளி விபிஎஸ்ஸிலிருந்து நேராக அனுப்பிப் பார்த்தேன், மறுக்கிறது. ஆனால் இப்போது புதிதாக ஒன்று: ஃபில்டர் வழியாக வரும் மெயில் சிலவற்றை எஸ்பிஎஃப் (அனுப்புநரின் டொமைன் பெயரில் இந்த ஐபி அனுப்பலாமா என்ற சோதனை) தோல்வி என்று எங்கள் சர்வரே தடுக்கிறது. நேற்றுவரை இது இல்லை.

காட்பாடிக்காரன்:
நேற்றுவரை ஃபில்டர் மைநெட்வொர்க்ஸில் இருந்தது, அதனால் எஸ்பிஎஃப் சோதனைக்கு முன்பே தாண்டிப் போய்விட்டது. இப்போது சோதனை நடக்கிறது. உங்கள் சர்வருக்குத் தெரிவது ஃபில்டரின் ஐபி மட்டும்; இத்தாலிக்காரரின் எஸ்பிஎஃப் பதிவில் அது எப்படி இருக்கும்? இந்தச் சோதனையைச் செய்யும் பாலிசிடி எஸ்பிஎஃப் நிரலின் அமைப்புக் கோப்பில் வொயிட்லிஸ்ட் வரியில் ஃபில்டரின் இரண்டு வரிசைகளையும் சேருங்கள். எஸ்பிஎஃப் பார்ப்பது இனி ஃபில்டரின் வேலை.

விஷாரத்தான்:
சேர்த்துவிட்டேன். காலையிலிருந்து பையரின் மெயில்கள் எல்லாம் வந்துவிட்டன, கியூவில் நின்ற பழையவை உட்பட. ரொம்ப நன்றி சார்.

காட்பாடிக்காரன்:
சாஃப்ட்பவுன்ஸைத் திரும்ப நோ ஆக்கினீர்களா?

விஷாரத்தான்:
இல்லை. இதோ, ஆக்கிவிட்டேன்.