கைரேகை மெஷின் என் விரலை ஏத்துக்க மாட்டேங்குது: கடுமையான கரப்பானோட வேலைக்குப் போறவங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?

நூல்கண்டு29 எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். முதல் தடவையா எழுதறேன், கொஞ்சம் நீளமாப் போயிடும்.

எனக்கு 29 வயசு. திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில கணக்குப் பிரிவுல இருக்கேன். நாலு வயசுலேர்ந்து கரப்பான் இருக்கு, தோல் வறண்டு அரிச்சு வெடிக்கிற நோய். டாக்டர் சீட்டுல அடோபிக் டெர்மடைடிஸ்னு எழுதுவாங்க. சின்ன வயசுல முழங்கை மடிப்பும் முழங்கால் பின்பக்கமும் மட்டும்தான். காலேஜ்ல நல்லா அடங்கியிருந்துச்சு. கல்யாணமாகி இங்க வந்த இந்த ரெண்டு வருஷத்துல கழுத்து, கண் இமை, பத்து விரல்னு எல்லா இடமும் வந்துடுச்சு.

போன மாசம் ஆபீஸ்ல வருகைப் பதிவுக்குக் கைரேகை மெஷின் வச்சாங்க. என் விரல் நுனி பூரா வெடிச்சு உரிஞ்சு கிடக்கு, ரேகையே இல்ல. ஒவ்வொரு விரலா மாத்தி மாத்தி வைப்பேன். பின்னாடி வரிசை நிக்கும். அந்த மாசம் 11 நாள் ஆப்சென்ட்னு விழுந்து சம்பளத்துல பிடிச்சுட்டாங்க. போய்க் கேட்டா, "கையை நல்லாக் கழுவிட்டு வைங்கம்மா"ன்னு சொன்னாங்க. சோப்புப் போட்டுக் கழுவக் கழுவத்தான் இன்னும் வெடிக்குதுன்னு அவங்களுக்கு எப்படிச் சொல்றது? ரேஷன் கடையிலயும் இதே பாடுதான். மாமியார் வந்து விரல் வச்சாத்தான் அரிசி.

ராத்திரி 1 மணியிலேர்ந்து 4 மணி வரைக்கும் தூங்கறதே இல்ல. அசந்து தூங்கினா தூக்கத்துலயே சொறிஞ்சு, காலையில தலகாணி உறையில ரத்தப்புள்ளி. வெளிர் நிறத்துல விரிப்பு வாங்கறதையே விட்டுட்டேன். வீட்டுக்காரர் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டே படுப்பார். அவருக்கு 6 மணி ஷிஃப்ட்.

மாமியார் நல்லவங்க, என் மேல அக்கறைதான். ஆனா கத்தரிக்காய், கருவாடு, நண்டு, முட்டை, பால், தக்காளின்னு ஒவ்வொண்ணா நிறுத்தி, இப்ப ரசஞ்சாதமும் பீர்க்கங்காயும்தான். 51 கிலோ இருந்தேன், இப்ப 43.

தோல் டாக்டர் சைக்ளோஸ்போரின்னு, உடம்போட எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கிற மாத்திரை எழுதியிருக்காங்க. குழந்தைக்கு முயற்சி பண்றோம்னு சொன்னதால மெத்தோட்ரெக்சேட்ங்கற இன்னொரு மருந்து வேண்டாம்னுட்டாங்க. கிட்னியைப் பாதிக்கும்னு நெட்ல படிச்சுட்டு, அந்தச் சீட்டை மூணு வாரமா பீரோவுலயே வச்சிருக்கேன்.

இந்த மருந்து சாப்பிட்டவங்க யாராவது இருக்கீங்களா? ராத்திரியை எப்படிக் கழிக்கிறீங்க? ஆபீஸ்ல இதை எப்படிச் சொல்லிப் புரிய வைக்கிறது?

---

மலைக்கோட்டைவாசி எழுதியது:

தங்கச்சி, மெஷின் விஷயம் மட்டும் எனக்குத் தெரியும். நான் கட்டட சைட் சூப்பர்வைசர், எனக்குக் கையில சிமெண்ட் அலர்ஜி. சிமெண்ட்ல இருக்கிற குரோமியம் உப்புதான் காரணம்னு, எந்தப் பொருள் தோலுக்கு ஒத்துக்கலைன்னு பார்க்கிற பேட்ச் டெஸ்ட்ல தெரிஞ்சுது.

ஆதார்ல பத்து விரலோட ரெண்டு கருவிழியும் பதிஞ்சிருக்கும். கருவிழிக் கருவி இருக்கான்னு ரேஷன் கடையில கேளுங்க. கார்டுல பேர் இருக்கிற யார் வேணா விரல் வைக்கலாம், அதனால மாமியார் வர்றதுல தப்பே இல்ல. ஆபீசுக்கு, டாக்டர்கிட்ட "கைத்தோல் நோயால் கைரேகை பதியாது"ன்னு ஒரே வரியில சான்றிதழ் வாங்கி, ஒரு கடிதத்தோட சேர்த்துக் கொடுங்க. கொடுத்ததுக்கு நகல்ல கையெழுத்தும் தேதியும் வாங்கிக்குங்க. வாயால சொன்னா நிக்காது. எங்க கம்பெனியில எனக்கு அடையாள அட்டை தேய்க்கிற மாதிரி மாத்திக் கொடுத்தாங்க.

இன்னொண்ணு. கண் இமை, கழுத்து, விரல் மூணும் சேர்ந்து வந்திருக்குன்னு சொல்றீங்க. நகப்பாலிஷ் போடுவீங்களா? அது ஒத்துக்காம போனாலும் இமையிலயும் கழுத்துலயும் வரும்னு என் டாக்டர் சொல்லியிருக்கார். பேட்ச் டெஸ்ட் பண்ணலாமான்னு கேட்டுப் பாருங்க. முதுகுல ஒட்டி ரெண்டு நாள் வைப்பாங்க, எடுத்த பிறகு இன்னொரு தடவையும் வந்து காட்டச் சொல்வாங்க. அதுவரைக்கும் முதுகு நனையக் கூடாது, அவ்வளவுதான்.

---

வடசேரிக்காரி எழுதியது:

தங்கச்சி, எனக்கு 47 வயது. பிறந்தது நாகர்கோவில், இப்போது தாம்பரத்தில் இருக்கிறேன். மூன்று மாதக் குழந்தையாக இருக்கும்போதே கன்னத்தில் ஆரம்பித்ததாம். அன்றிலிருந்து இதோடுதான் வாழ்கிறேன்.

நீங்கள் மெஷினைப் பற்றித்தான் முதலில் எழுதியிருக்கிறீர்கள். நான் "1 மணியிலேர்ந்து 4 மணி வரைக்கும்" என்ற வரியைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டேன். முதலில் அந்தத் தூக்கத்தை மீட்டுக்கொள்ளுங்கள். தூங்கி எழுந்தவளால் ஆபீசில் பேசவும் முடியும், மாமியாரிடம் பேசவும் முடியும். ராத்திரியில் அரிப்பு கூடுவது உங்கள் மனப்பிரமை இல்லை. அந்த நேரத்தில் தோலில் சூடு ஏறும், ஈரம் அதிகமாக வெளியேறும், வீக்கத்தை அடக்குகிற கார்டிசால் உடம்பில் குறைந்திருக்கும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். அம்மாவின் பழைய பருத்திச் சேலை, நூறு தடவை துவைத்துப் பூப்போல ஆனது. அதை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து வைத்திருக்கிறேன். படுக்கப் போகுமுன் குளித்து, ஒற்றித் துடைத்து, ஈரம் காயுமுன் களிம்பும் மாய்ஸ்சரைசரும் தடவுவேன். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை அதன்மேல் சுற்றி, அதற்கும் மேலே காய்ந்த துணி ஒரு சுற்று. முதல் நாள் குளிரும், பழகிவிடும். ஆஸ்பத்திரியிலும் இதையேதான் ஈரக்கட்டு என்று செய்கிறார்கள். ஆனால் டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கட்டுக்கு அடியில், களிம்பில் உள்ள ஸ்டீராய்டு என்ற வீக்கம் அடக்கும் மருந்து அதிகமாக உள்ளே இறங்கும். நீர் வடிகிற, சீழ் பிடித்த இடத்தில் கட்டவே கூடாது.

ஸ்டீராய்டு என்றதும் எல்லோரும் பயமுறுத்துவார்கள். எனக்கு இரண்டு பக்கமும் அனுபவம் உண்டு. இருபதுகளில் ஒரு மருந்துக் கடையில் "படைக்கு நல்லது" என்று கொடுத்த மூன்று மருந்து கலந்த ட்யூபை முகத்தில் எட்டு மாதம் தடவினேன். தோல் மெலிந்து நரம்பு தெரிந்தது, நிறுத்தியபோது முகம் தீயாய் எரிந்தது. இந்த மாதிரிக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018ல் அரசாணையே வந்தது. அதற்குப் பிறகு பயந்துபோய், டாக்டர் கொடுத்த சரியான களிம்பையும் கடுகளவு தடவிக்கொண்டு ஐந்து வருடம் வீணாக்கினேன். அளவு இதுதான்: ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை ட்யூபைப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். ஒரு கையின் முன்னும் பின்னும் தடவ ஒரு விரல் நுனி, தோளிலிருந்து மணிக்கட்டு வரை மூன்று. முகத்துக்கும் இமைக்கும் வேறு மருந்து, அதைத் தனியாகக் கேளுங்கள்.

மாய்ஸ்சரைசர் விஷயத்தில் கஞ்சம் வேண்டாம். உடம்பு முழுக்க இருந்தால் வாரத்துக்கு அரைக் கிலோ வரை ஆகும். வாசனை இல்லாதது போதும், விலை கூடியதாக இருக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பிசுக்கு ஊறிக் காய்ந்த துணியில் தீப்பிடித்தால் சட்டென்று பரவும். துவைத்தாலும் முழுதாகப் போகாது. பிரிட்டனில் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன, 2018ல் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது. நமக்கோ கேஸ் அடுப்பு, சாமி விளக்கு, கொசுவர்த்தி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். கட்டுப் போட்ட கையோடு அடுப்படிக்குப் போகாதீர்கள்.

சாப்பாடு. 43 கிலோ என்று படித்ததும் வயிறு கலங்கியது. சாப்பிட்ட சில நிமிடங்களில் உதடு வீங்குவது, தடிப்பது, மூச்சு இழுப்பது என்று ஏதாவது இருந்தால் அந்தப் பண்டத்தைத் தொடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், பெரியவர்களுக்குக் கரப்பான் வருவதற்குச் சாப்பாடு காரணமாக இருப்பது அபூர்வம். ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

இதில் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னை வயிற்றில் சுமந்தபோது நண்டு ஆசைப்பட்டுச் சாப்பிட்டதால்தான் எனக்கு இப்படி ஆனது என்று அவளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதன்பிறகு அவள் நண்டு தொட்டதில்லை. கடலோர ஊரில் பிறந்தவள். 2006ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், தோலின் மேல் அடுக்கை இறுக்கிப் பிடித்திருக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுக் கோளாறு பலருக்கு இந்த நோய்க்கு முக்கியக் காரணம் என்று காட்டினார்கள். சில வருடம் கழித்து அதைப் பற்றிப் படித்த அன்றே ஊருக்குப் போன் போட்டேன். "அம்மா, இது பிறவியிலேயே தோலில் உள்ள குறை, நீ சாப்பிட்டதால் இல்லை" என்றேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு, "அப்போ நான் உனக்கு ஒண்ணும் பண்ணலியா மக்களே?" என்று கேட்டாள்.

சைக்ளோஸ்போரின் நான் ஒன்பது மாதம் சாப்பிட்டேன். மூன்றாவது வாரத்தில் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கி, விடிந்ததும் நேரம் தெரியாமல் பயந்து எழுந்தேன். கிட்னிக்கு ஆபத்து உண்டுதான், அதற்காகத்தான் மாத்திரை தொடங்குமுன்னும் பிறகு அடிக்கடியும் ரத்தத்தில் கிரியாட்டினினும் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். ஏறினால் அளவைக் குறைப்பார்கள், அல்லது நிறுத்துவார்கள். வருடக்கணக்கில் கொடுப்பதில்லை. மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், பம்பளிமாஸ் சாப்பிடாதீர்கள். இரண்டுமே இந்த மருந்தோடு ஆகாது. குழந்தைக்கு முயற்சி பண்ணுவதை ஒவ்வொரு தடவையும் டாக்டருக்கு நினைவுபடுத்துங்கள்.

கடைசியாக ஒன்று. திடீரென்று காய்ச்சலோடு, ஒரே அளவில் ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் கொப்புளம் கூட்டமாக வந்து வலித்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எனக்கு 32 வயதில் வந்தது. அக்கி என்று சொல்லி, குயவரிடம் கூட்டிப்போய்க் காவியால் அக்கி எழுதினார்கள். அதில் ஒன்றரை நாள் போனது. உதட்டில் கொப்புளம் வரவைக்கிற ஹெர்பிஸ் கிருமி என் வெடித்த தோல் முழுக்கப் பரவியிருந்தது. கண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆறு நாள் அந்தக் கிருமிக்கான அசைக்ளோவிர் ஊசியோடு படுத்துக் கிடந்தேன். எழுதியவர்மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் யாருக்கும் தெரியவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

---

ரெட்டைவால்_அப்பா எழுதியது:

வடசேரி அக்கா, அக்கி பற்றிய பகுதியை என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். எங்கள் மகனுக்கு 6 வயது, அவனுக்கும் இதே தொந்தரவு.

தண்ணீர் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். திண்டுக்கல் பக்கம் போர் தண்ணீர் உப்பாகத்தான் இருக்கும். நாங்களும் அதுதான் காரணம் என்று கடன் வாங்கித் தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் பொருத்தினோம். வித்தியாசமே இல்லை. இங்கிலாந்தில் 336 குழந்தைகளை வைத்து இதைச் சோதித்து 2011ல் முடிவு வெளியிட்டிருக்கிறார்கள், அதிலும் பலன் தெரியவில்லை. பொருத்திய பிறகுதான் படித்தேன். அந்தப் பணத்தை மாய்ஸ்சரைசருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தேங்காய் எண்ணெய்க்கு ஆதரவாக ஒரு சிறு ஆய்வு பிலிப்பைன்ஸில் நடந்திருக்கிறது. இவனுக்கு ஒத்துக்கொள்கிறது. கடுகு எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் வேண்டாம் என்றார் டாக்டர்.

---

நூல்கண்டு29 எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பத்து நாளா எழுதலைன்னா காரணம் இருக்கு.

அண்ணா சொன்ன மாதிரி சான்றிதழும் கடிதமும் கொடுத்து, நகல்ல கையெழுத்து வாங்கினேன். இப்போதைக்கு எனக்கு மட்டும் நோட்டுல கையெழுத்து. பிடிச்ச சம்பளத்தைப் பத்தி இன்னும் பதில் வரல, விடப்போறதில்ல. நகப்பாலிஷ் கல்யாணத்துலேர்ந்துதான் போட ஆரம்பிச்சேன். நிறுத்திட்டேன், பேட்ச் டெஸ்டுக்கும் கேட்டிருக்கேன்.

சீட்டை பீரோவுலேர்ந்து எடுத்தாச்சு. கிரியாட்டினின் 0.7, பிரஷர் 110/70. வர்ற வியாழக்கிழமை மாத்திரை ஆரம்பிக்கறேன். குழந்தை விஷயத்தையும் மறுபடி பேசிட்டோம், கொஞ்ச நாள் தள்ளி வச்சிருக்கோம். டாக்டர் ஈரக்கட்டுக்கும் சரின்னு சொல்லி, எப்படின்னு காட்டிக் கொடுத்தாங்க.

வடசேரி அக்கா, உங்க அம்மா கதையை மாமியாருக்கு வாசிச்சேன். ஒண்ணும் சொல்லாம எழுந்து உள்ள போனாங்க. கோவிச்சுக்கிட்டாங்களோன்னு நினைச்சேன். கொஞ்ச நேரத்துல கத்தரி வச்சு ஏதோ வெட்டற சத்தம். சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை, அவங்க கல்யாணமான புதுசுல கட்டினது, இத்தனை வருஷம் பொட்டியில வச்சிருந்தது. அதைக் கிழிச்சு சுருட்டிச் சுருட்டி என் மடியில வச்சாங்க. மறுநாள் மத்தியானம் முட்டைக் குழம்பு.

---

வடசேரிக்காரி எழுதியது:

தங்கச்சி, மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

சுங்குடி என்றால் சாயம் இருக்கும். கட்டுவதற்கு முன் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் கசிந்தாலும் வெடித்த தோலில் வைக்க வேண்டாம், அதை மேல் சுற்றுக்குக் காய்ந்த கட்டாக வைத்துக்கொள்ளுங்கள். உள்சுற்றுக்கு வெள்ளை வேட்டித் துணி போதும்.

ரத்தப் பரிசோதனைத் தாள்களைத் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள். இரண்டாவது வாரம் எப்படித் தூங்குகிறீர்கள் என்று வந்து எழுதுங்கள்.